இவர்களுக்கு இது போதுமாம்!

நாவல் என்ற பெயரில் அச்சாகிற சரக்குகளில் விமரிசகர்கள் விரலால்கூடத் தொட்டுப் பார்க்காத ரகம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் ஆடுகிற மாயாஜால விளையாட்டு ஒன்று நன்றாக விலை போகிறது. உடனே அந்தப் பெயரையே அட்டையில் போட்டு, அந்தக் கதையையே நாவலாக எழுதச் செய்து விற்கிறார்கள். அமெரிக்காவில் இந்தத் தொழில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. இந்தப் புத்தகங்களில் சிலவற்றை நான் படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றைக் கோபத்தோடும், ஒன்றிரண்டைச் சந்தோஷத்தோடும் படித்தேன். அந்தக் கோபத்துக்கும் சந்தோஷத்துக்கும் காரணம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் இலக்கிய நண்பர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "உமக்கு என்ன வந்துவிட்டது? சீட்டாட்டத்தைப் பார்த்து ஒருவன் காவியம் பாடினான் என்றால் அதற்கு விமரிசனம் வேறு வேண்டுமா? விளையாட்டில் பிறந்தது குப்பையாகத்தான் இருக்கும்" என்றார். புத்தக வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட இன்னொரு நண்பரோ சிரித்தார். "இதுக்கெல்லாம் ஏன் சார் உடம்பைக் கெடுத்துக்கறீங்க? விளையாடற பசங்கதானே வாங்கறாங்க? அவங்களுக்கு இது போதும்" என்றார்.

இந்த இருவரும் ஒருவரையொருவர் மதிக்கிறவர்கள் அல்லர். ஒருவர் மற்றவரை வியாபாரி என்பார். மற்றவர் இவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்பார். ஆனால் இந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி. 'இது இவ்வளவுதான்' என்று ஒருவர் அலட்சியப்படுத்துகிறார். 'இவ்வளவு போதும்' என்று மற்றவர் அந்த அலட்சியத்துக்கு விலைச் சீட்டு ஒட்டுகிறார். முன்னவர் கொடுக்கிற லைசென்ஸில்தான் பின்னவர் கடை நடத்துகிறார். ஆகவே நான் இரண்டு பேரையும் எதிர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

முதலில், இந்த விளையாட்டு என்னவென்று தெரியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டம் வெளியாயிற்று. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவன் கதைசொல்லி, நடுவனும் அவனே. மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி மந்திரக்காரி, ஒருவன் வாள் வீரன், ஒருவன் திருடன். "கதவுக்குப் பின்னால் உறுமல் கேட்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்பான் கதைசொல்லி. "கதவை உடைக்கிறேன்" என்பான் ஒருவன். "பொறு, காது வைத்துக் கேட்கிறேன்" என்பாள் இன்னொருத்தி. பகடை உருளும். விழுந்த எண்ணைப் பார்த்து, நடந்தது என்ன என்று கதைசொல்லி சொல்வான். பிற்பாடு கம்ப்யூட்டர் வந்து அந்தக் கதைசொல்லியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

அந்த வழியில் 1988-இல் வந்தது 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்'. அன்றைய டிஸ்க்கில் இடம் குறைவு. ஆகவே கதையின் நீண்ட பகுதிகளைச் சிறு புத்தகமாக அச்சிட்டு ஆட்டத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 'இன்ன எண்ணுள்ள பகுதியைப் படி' என்று திரையில் வரும். ஆடுகிறவன் புத்தகத்தைப் புரட்டிப் படிப்பான். சாராயக் கடையில் காதில் விழும் வதந்திகள் என்று அதில் சில பகுதிகள் உண்டு. அவற்றில் சில சுத்தப் பொய். மெய் எது, பொய் எது என்று அவனே ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த ஆண்டே, 1989-இல், ஜேம்ஸ் வார்டும் ஜேன் கூப்பர் ஹாங்கும் அதை நாவலாக்கினார்கள். ஆக, இந்த விளையாட்டு அச்செழுத்துக்குப் பகையாக வந்ததல்ல. கையில் புத்தகத்தோடு வந்தது.

இப்போது என் இலக்கிய நண்பரிடம் கேட்கிறேன். விளையாட்டிலிருந்து நாவல் பிறக்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? மார்கரெட் வைஸும் டிரேஸி ஹிக்மனும் 1984-இல் வெளியிட்ட 'டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் ட்விலைட்' ஒரு மேஜை ஆட்டத்தோடு கூடப் பிறந்த நாவல். அதை வாங்கிப் படித்தவர்களின் பிள்ளைகளும் இன்று படிக்கிறார்கள். ரேமண்ட் ஃபீஸ்ட் 1982-இல் வெளியிட்ட 'மஜீஷியன்' நாவல் நடக்கிற உலகம், அவரும் கலிபோர்னியாவில் அவரோடு படித்த நண்பர்களும் ஆடிய ஆட்டத்துக்காக உண்டானது. ஜப்பானில் ஒரு கூட்டம் ஆடிய ஆட்டத்தை, பேசிய பேச்சு உள்பட எழுதி, 1986 முதல் 'காம்ப்டிக்' என்ற பத்திரிகையில் தொடராகப் போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கதைசொல்லியாக இருந்த ரியோ மிஸுனோ 1988-இல் அதையே 'லோடாஸ்' என்ற நாவல் வரிசையாக எழுதத் தொடங்கினார்.

வேறொருவன் சொன்ன கதையைத்தான் கம்பனும் பாடினான். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பெரும்பாலானவை இரவல் கதைகளே. இரவல் வாங்குவது எழுத்தில் குற்றமல்ல. வாங்கிய சொத்தை வைத்து என்ன செய்தான் என்பதே கேள்வி. எந்தக் குளத்து மண் என்று விசாரித்தா பானை வாங்குகிறோம்? தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? என் நண்பர் தட்டிப் பார்க்கவே மறுக்கிறார். நான் தட்டிப் பார்த்தேன். பல பானைகள் ஓட்டை. ஆனால் மண்ணின் குற்றத்தால் அல்ல, வனைந்த விதத்தால் ஓட்டை.

எப்படி என்று ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். பயோவேர் என்ற கனடா நாட்டுக் கம்பெனி 1998 டிசம்பரில் 'பால்டர்ஸ் கேட்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஆட்டம் தொடங்குமுன் கதாநாயகனை நீங்களே சிருஷ்டித்துக்கொள்ள வேண்டும். ஆணா பெண்ணா, என்ன ஜாதி மனிதப் பிறவி, என்ன தொழில், நல்லவனா கெட்டவனா, முகம் எப்படி, பெயர் என்ன எல்லாம் உங்கள் விருப்பம். கோட்டைக்குள் இருக்கிற ஒரு பெரிய நூலகத்தில் வளர்ந்த அனாதை நீங்கள். வளர்ப்புத் தந்தை உங்களை அவசர அவசரமாக வெளியே அழைத்துப் போகிறார். வழியில், கவசம் பூண்ட ஒருவன் கையால் உங்கள் கண் முன்னே சாகிறார். ஊர் ஊராக அலைந்த பிறகு விஷயம் வெளியாகிறது: செத்துப்போன ஒரு தெய்வத்தின், கொலைக்கு அதிபதியான தெய்வத்தின் குழந்தை நீங்கள். உங்கள் வளர்ப்புத் தந்தையைக் கொன்றவனும் அந்தத் தெய்வத்தின் பிள்ளையே, உங்கள் சகோதரன்.

நான் ஒரு நாவலாசிரியன். இப்படி ஒரு விஷயம் என் கைக்குக் கிடைத்தால் ஒரு மாதம் தூங்க மாட்டேன். கொலைகாரத் தெய்வத்தின் ரத்தம் உடம்பில் ஓடுகிறது. அந்த ரத்தத்தின் வழியில் போவதா, வளர்த்தவரின் வழியில் போவதா? பிறப்பா, வளர்ப்பா? இது கிரேக்க நாடகக்காரர்களும் நம் இதிகாசக்காரர்களும் மல்லுக்கு நின்ற கேள்வி. ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தம் கையால் இதற்குப் பதில் எழுதினார்கள். சிலர் கருணையோடு ஆடினார்கள். சிலர் ரத்தவெறியோடு ஆடினார்கள். எல்லாப் பதிலும் அவரவருக்கு மெய்.

1999-இல் நாவல் வந்தது. அதை எழுதிய பிலிப் ஏத்தன்ஸ், அந்த மாயாஜால உலகத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனியிலேயே பதிப்பாசிரியராக இருந்தவர். அவருடைய கதாநாயகனுக்கு அப்டெல் ஏட்ரியன் என்று பெயர். கூலிக்கு வாள் சுழற்றுகிறவன். பெயர் வைத்தது குற்றமல்ல. நாவலுக்கு ஒரு குறிப்பிட்ட ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆள் யார் என்று கேட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் சண்டைகள் வருகின்றன. ஒரு சண்டை முடிந்தால் அடுத்த சண்டை. அந்த மகத்தான கேள்வி இரண்டு சண்டைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வாள் வீச்சுக்குப் பயந்து உள்ளே போய்விடுகிறது. ஆட்டம் வந்தது 1998 டிசம்பர். நாவல் வந்தது 1999. மாதங்களை எண்ணிக்கொள்ளுங்கள். எழுத்தாளரின் திறமையை நான் குறை சொல்லவில்லை. ஆற அமர ஒரு மனிதனை நினைத்துப் பார்க்க அவகாசம் இல்லாத ஏற்பாட்டைக் குறை சொல்கிறேன்.

இதற்குப் பின்கதை ஒன்று உண்டு. 2013-இல் அதே நகரத்தை வைத்து 'மர்டர் இன் பால்டர்ஸ் கேட்' என்ற மேஜை ஆட்டக் கதை ஒன்றை அந்தக் கம்பெனி வெளியிட்டது. அதில் பழைய கதாநாயகனாக வருகிறவன் யார்? இந்த அப்டெல் ஏட்ரியன்தான். தொடக்கத்திலேயே அவன் செத்தும் போகிறான். ஆட்டத்தை ஆடிய ஒவ்வொருவரும் இரவெல்லாம் கண் விழித்துச் சிருஷ்டித்த பிள்ளை ஒன்று உண்டே, அந்தப் பிள்ளைகள் எல்லாம் பொய், கம்பெனியின் பிள்ளையே மெய் என்று முத்திரை குத்தியாயிற்று. அவசரத்தில் எழுதிய ஒரு நாவலுக்கு இவ்வளவு அதிகாரம்!

என் அண்ணன் மகள் இந்த ஆட்டங்களில் ஊறியவள். 2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' ஆட்டத்தை இரண்டு முறை முழுதாக ஆடி முடித்தவள். அந்தப் பழைய நாவலை எங்கோ தேடிப் பிடித்துப் படித்துவிட்டு என்னிடம் கொண்டு வந்து போட்டாள். "எப்படி இருக்கு?" என்றேன். "இதுலே நான் இல்லே, சித்தப்பா" என்றாள். "நாவல்னா நீ எப்படி இருப்பே? அதுலே வேறே ஒருத்தன்தானே இருப்பான்?" என்றேன். "நான் இல்லாதது பரவாயில்லே. வேறே யாராவது இருக்கணுமில்லையா?" என்றாள்.

இந்த ஒரு கேள்வியில் என் கட்சி முழுதும் அடங்கிவிட்டது. ஆட்டத்தில் ஆடுகிறவனுக்குக் கிடைப்பது தேர்வு. இடப்பக்கமா வலப்பக்கமா, கொல்வதா மன்னிப்பதா என்று அவனே தீர்மானிக்கிறான். நாவல் அந்தத் தேர்வை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் பிடுங்கியவன் ஈடு கொடுக்க வேண்டாமா? அந்த ஈடு என்ன? தீர்மானித்துவிட்டதைத் திரும்பப் பெற முடியாது என்கிற கனம். அதைத் தருவதற்காகவே நாவல் என்ற ஒன்று இருக்கிறது.

கம்ப்யூட்டர் ஆட்டத்தில், ஆபத்தான இடத்துக்குப் போகுமுன் ஆடுகிறவன் அந்த நிமிஷத்தைச் 'சேவ்' செய்து வைத்துக்கொள்வான். செத்தால் அங்கிருந்து மறுபடி தொடங்குவான். நண்பனைப் பகைத்துக்கொண்டால், பகைக்காத நிமிஷத்துக்குத் திரும்பிப் போய் வேறு வார்த்தை பேசுவான். நாவலில் இந்த வசதி கிடையாது. அங்கே சொன்ன சொல் சொன்னதுதான், செத்தவன் செத்தவன்தான். அண்ணனைக் கொன்றவன் மறுநாள் காலையில் எழுந்து பல் விளக்க வேண்டும். முகத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அந்த மறுநாள் காலையை எழுதுகிறவனே நாவலாசிரியன். சண்டையை மட்டும் எழுதுகிறவன் கணக்குப் பிள்ளை: இன்ன இடத்தில் இத்தனை பூதம், இன்னார் கையால் பைசல்.

சண்டை ஆட்டத்தில் இனிக்கிறது; ஏனென்றால் கை நம்முடையது, பயம் நம்முடையது. அதையே இன்னொருவன் செய்ததாகப் படிக்கும்போது, ரயிலில் பக்கத்து ஸீட்காரர் தாம் நேற்று ஆடிய சீட்டாட்டத்தை ஒவ்வொரு சீட்டாக விவரிப்பதைக் கேட்பது போல இருக்கிறது. நான் வாராவாரம் தொடர்கதை எழுதிப் பழகியவன். திடீர்த் திருப்பம், கத்திக் குத்து எல்லாவற்றின் ருசியும் எனக்குத் தெரியும். குத்து விழுவதால் யாருக்கு நோகிறது என்று வாசகருக்குத் தெரியாவிட்டால் குத்து வெறும் சத்தம்.

'விளையாட்டில் அவ்வளவு ஆழம் ஏது, அதை நாவல் எங்கிருந்து கொண்டுவரும்?' என்று என் நண்பர் கேட்கலாம். அவருக்கு 1999-இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மெண்ட்' என்ற ஆட்டத்தைச் சொல்கிறேன். தலைமை வகித்து உருவாக்கியவர் கிரிஸ் அவெலோன். ஒரு பிணக் கிடங்கின் கல் மேடையில் ஒருவன் கண் விழிக்கிறான். பெயர் தெரியாது, பழசு எதுவும் நினைவில்லை, உடம்பெல்லாம் தழும்பு. அவனுக்குச் சாவு கிடையாது. செத்தாலும் எழுந்துவிடுவான், முன்னே பலமுறை நினைவிழந்து எழுந்திருக்கிறான். அந்த முந்திய வாழ்வுகளில் அவன் செய்த அக்கிரமங்கள் இப்போது ஒவ்வொன்றாக எதிரே வந்து நிற்கின்றன. அவனை நம்பிக் காதலித்த ஒருத்தியை அவனே திட்டமிட்டுச் சாக விட்டிருக்கிறான். உயிர் காப்பாற்றியதற்காக வாக்குக் கொடுத்த ஒருவன், அந்த வாக்கே விலங்காகி, அவன் பின்னால் நடக்கிறான்.

இன்னும் ஒன்று. அவன் சாகும்போதெல்லாம் அவனுக்குப் பதிலாக எங்கோ வேறு ஒரு ஜீவன் சாகிறது. அப்படிச் செத்தவர்களின் நிழல்கள் அவனைத் துரத்துகின்றன. யோசித்துப் பாருங்கள்: செத்தால் மறுபடி எழுந்து ஆடலாம் என்பது விளையாட்டு உலகத்தின் சர்வ சாதாரணமான சலுகை. அந்தச் சலுகைக்கே ஒரு விலை வைத்து, அதைக் கதையின் வேதனையாக ஆக்கிவிட்டார்கள். நாவலின் தர்மத்தை ஒரு விளையாட்டு தானே தேடிப் போய் ஏற்றுக்கொண்டது. அதிலுள்ள எழுத்து சுமார் 8,00,000 சொற்கள் என்று கணக்கு. சண்டையைவிடப் பேச்சு அதிகம். பேசித் தீர்க்கக்கூடிய இடங்களே முக்கியமான இடங்கள்.

அதே 1999-இல் அதற்கும் ஒரு நாவல் வந்தது. ரே வலீஸ், வாலரி வலீஸ் என்ற இருவர் எழுதியது. அந்த எட்டு லட்சம் சொற்களின் கதையைச் சிறு பேப்பர்பேக் ஒன்றுக்குள் மடித்து வைத்தால் என்ன மிஞ்சும்? சம்பவங்கள் மிஞ்சும்; வேதனை மடிப்பில் கசங்கிப் போகும். பிற்பாடு நடந்ததுதான் வேடிக்கை. அந்த ஆட்டத்தின் ரசிகர் ஒருவர், ஆட்டத்திலுள்ள உரையாடல்களையும் வர்ணனைகளையும் கோத்து, தாமே ஒரு நாவலாகத் தொகுத்து, காசு வாங்காமல் எல்லாரும் படிக்கக் கொடுத்துவிட்டார். 'இவர்களுக்கு இது போதும்' என்று கம்பெனி தீர்மானித்தது. போதாது என்று வாசகரே தம் உழைப்பால் பதில் சொன்னார். இதைவிடப் பெரிய விமரிசனத்தை எந்த இலக்கியப் பத்திரிகை எழுதிவிட முடியும்?

கோபத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமாகாது. சந்தோஷத்தையும் சொல்கிறேன். பயோவேர் கம்பெனி 2009 நவம்பரில் 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதன் தலைமை எழுத்தாளர் டேவிட் கெய்டர். ஆட்டம் வருவதற்கு முன்பே, அதே ஆண்டில், அவர் 'தி ஸ்டோலன் த்ரோன்' என்ற நாவலை வெளியிட்டார். ஆட்டத்தின் கதையை அவர் தொடவில்லை. அதற்கு ஒரு தலைமுறை முந்திய கதையை எடுத்துக்கொண்டார். புத்திசாலித்தனம் அங்கேதான் இருக்கிறது: ஆடுகிறவனின் சொத்தில் கை வைக்காமல், யாரும் ஆட முடியாத இறந்த காலத்தில் போய் நாவலைக் கட்டினார்.

ஆட்டத்தில் லோகெய்ன் என்று ஒரு தளபதி வருகிறான். போர்க்களத்தில் இளவயது அரசனைக் கைவிட்டுத் தன் படையோடு திரும்பிப் போய்விடுகிற துரோகி. நாவலிலோ இந்த லோகெய்ன் இளைஞன். நாடு அன்னியர் கையில். துரோகிகளிடம் தாயைப் பறிகொடுத்துக் காட்டில் ஓடிவருகிற இளவரசனுக்கு லோகெய்னின் தந்தை இடம் கொடுக்கிறார். அந்த இளவரசன் தப்பிப்பதற்காகப் பகைவரைத் தடுத்து நின்று உயிரையும் விடுகிறார். தந்தையைத் தின்ற அந்த இளவரசனுக்கே லோகெய்ன் தோழனாகிறான். அவன் மனத்தில் இருந்த பெண் இளவரசனுக்கு நிச்சயமானவள். கடைசியில், இளவரசன் காதலிக்கும் ஒற்றுக்காரியைப் பற்றிய உண்மையில் பாதியைச் சொல்லி மறு பாதியை மறைக்கிறான். இளவரசன் அவளைத் தன் கையால் கொல்கிறான். நல்ல அரசன் வேண்டுமானால் அவன் மனம் கல்லாக வேண்டும் என்பது லோகெய்னின் கணக்கு.

இதைப் படித்தவன் பிறகு ஆட்டத்துக்குப் போகிறான். அந்த இளவரசனின் மகனைத்தான் இந்த லோகெய்ன் போர்க்களத்தில் கைவிடுகிறான். ஆட்டத்தின் பிற்பகுதியில், லோகெய்னைக் கொல்வதா, உயிரோடு விட்டுப் படையில் சேர்த்துக்கொள்வதா என்பது ஆடுகிறவன் கையில் வருகிறது. நாவல் படிக்காதவனுக்கு அது ஒரு துரோகியின் கழுத்து. படித்தவனுக்கோ அது தந்தையை இழந்த பையனின் கழுத்து. நாட்டுக்காக என்று சொல்லிச் சொல்லியே நெஞ்சு மரத்துப் போனவனின் கழுத்து. வாள் கனக்கிறது. பார்த்தீர்களா? இந்த நாவல் ஆடுகிறவனின் தேர்வைப் பிடுங்கவில்லை. அதற்குக் கனம் ஏற்றிக் கொடுத்தது. இதை மகத்தான இலக்கியம் என்று நான் தூக்கிப் பிடிக்கவில்லை. நடை சாதாரணமானதுதான். ஆனால் இதில் 'வேறே யாராவது' இருக்கிறார்கள். விளையாட்டிலிருந்து வந்த நாவல் கௌரவமாக நடக்க முடியும் என்பதற்கு இந்த ஒரு சாட்சி போதும்.

இனி என் வியாபார நண்பருக்கு. 'விளையாடற பசங்க' எதையும் வாங்குவார்கள் என்பது அவர் நம்பிக்கை. அதே பயோவேரின் இன்னொரு ஆட்டம் 'மாஸ் எஃபெக்ட்'. மாயாஜாலம் அல்ல, விண்வெளிக் கதை. அதன் முதல் மூன்று நாவல்களை, முதல் ஆட்டத்தின் தலைமை எழுத்தாளரான டிரூ கார்பிஷின் எழுதினார். நான்காவதை வேறொருவர் கையில் கொடுத்து 2012-இல் வெளியிட்டார்கள். வாசகர்கள் என்ன செய்தார்கள்? பக்கம் பக்கமாகப் பிழைகளைப் பட்டியல் போட்டார்கள். இன்னார் வயது தவறு, இன்னார் குணம் தவறு, முன்னே நடந்ததற்கும் இதற்கும் ஒட்டவில்லை என்று அடுக்கினார்கள். கம்பெனியும் பிரசுரகர்த்தரும் மன்னிப்புக் கேட்டு, பின்வரும் பதிப்புகளில் திருத்துகிறோம் என்று அறிவித்தார்கள். எந்த இலக்கிய நாவலுக்காவது வாசகர்கள் இவ்வளவு சிரத்தையோடு பிழை திருத்தியதுண்டா? எனக்கு இப்படி நாலு வாசகர்கள் கிடைத்தால் நான் பாக்கியசாலி. இவர்களைப் பார்த்தா 'இது போதும்' என்கிறீர்கள்?

எழுதுகிறவன் பாடு இன்னும் மோசம். இந்த நாவல்களைப் பெரும்பாலும் கூலி ஒப்பந்தத்தில் எழுத வைக்கிறார்கள். அந்த மாதிரி ஒப்பந்தத்தில் எழுதியதற்கு, அமெரிக்கச் சட்டப்படி, எழுத வைத்தவனே ஆசிரியனாகக் கருதப்படுவான். ஊர் அவனுடையதல்ல, பாத்திரங்கள் அவனுடையவை அல்ல. தானே பெயர் வைத்துத் தாலாட்டிய பிள்ளைகூடக் கம்பெனியின் பிள்ளை. சொந்தமில்லாத வயலில் எவன் எரு போடுவான்?

உரிமை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. போலந்து நாட்டு எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி 'விட்சர்' கதைகளில் முதலாவதை 1986-இல் 'ஃபன்டாஸ்டிகா' என்ற பத்திரிகையில் வெளியிட்டார். இங்கே வழி தலைகீழ்: கதை முதலில், ஆட்டம் பின்னால். 2007-இல் சிடி ப்ராஜெக்ட் என்ற போலந்துக் கம்பெனி அதை ஆட்டமாக்கியது. அவர் லாபத்தில் பங்கு கேட்காமல் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டார். ஆட்டம் உலகமெங்கும் விலை போயிற்று. 2018-இல், கொடுத்த பணம் லாபத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை என்றால் ஆசிரியன் மேலும் கேட்கலாம் என்கிற அந்நாட்டுச் சட்டத்தைக் காட்டி, 6 கோடி ஸ்லாட்டி கேட்டார். ஊர் சிரித்தது. ஆனால் 2019 டிசம்பரில் கம்பெனி அவரோடு புது ஒப்பந்தம் செய்துகொண்டது. உலகம் அவருடைய சிருஷ்டி என்பதால்தான் அவருக்குக் கேட்க ஒரு வாய் இருந்தது. கூலிக்கு நாவல் எழுதுகிறவனுக்கு அந்த வாயும் கிடையாது.

இதெல்லாம் யாரோ எங்கோ நடத்துகிற வியாபாரம், நமக்கென்ன என்று சொல்லாதீர்கள். பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு பையனோ பெண்ணோ நூறு மணி நேரம் ஒரு கதைக்குள் வாழ்ந்துவிட்டு, அது முடிந்ததும் மனம் தாங்காமல், 'இன்னும் இருக்கிறதா?' என்று தேடிக்கொண்டு புத்தகக் கடைக்கு வருகிறது. யாரும் பிடித்துத் தள்ளவில்லை. பாடப் புத்தகம் என்று மிரட்டவில்லை. தானே வந்து நாவலின் கதவைத் தட்டுகிறது. பலருக்கு அதுவே வாழ்க்கையில் விலை கொடுத்து வாங்குகிற முதல் நாவல். அந்தக் குழந்தையின் கையில் அவசரத்தில் கொட்டிய சண்டைப் பட்டியலைக் கொடுத்தால் அது என்ன முடிவுக்கு வரும்? 'நாவல் என்பது ஆட முடியாத ஒரு மட்டமான விளையாட்டு' என்றுதானே நினைக்கும்? அது திரும்பிப் போய்விட்டால் அப்புறம் நம்முடைய உயர்ந்த இலக்கியங்களை யார் படிப்பார்கள் என்று என் இலக்கிய நண்பர் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கட்டும்.

ஆகவே கம்பெனிகளிடம் நான் கேட்பது பெரிய தர்மம் ஒன்றுமில்லை. ஆடி முடித்த கதையையே திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். ஆட்டம் நுழையாத அறை ஒன்றின் சாவியை எழுத்தாளனிடம் கொடுங்கள். சொல்லியே தீர வேண்டுமானால், ஒரே ஓர் ஆளைத் தேர்ந்து அவன் இழந்ததை எழுத அவகாசம் கொடுங்கள். விற்ற பிரதிக்குப் பங்கு கொடுங்கள். விமரிசகர்களிடம் கேட்பது அதைவிடச் சுலபம். மற்ற நாவலைத் தட்டிப் பார்க்கிற அதே விரலால் இதையும் தட்டுங்கள். ஓட்டை என்றால் ஓட்டை என்று உரக்கச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் அதையும் வாய் திறந்து சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது விமரிசனம் ஆகாது. அது ஓட்டைப் பானை விற்கிறவனுக்குச் செய்கிற உபகாரம்.

'இவர்களுக்கு இது போதும்' என்று சொல்லும் யோக்கியதை எழுதுகிறவனுக்கும் இல்லை, விற்கிறவனுக்கும் இல்லை. போதுமா போதாதா என்று சொல்ல வேண்டியவர் காசு கொடுத்து வாங்கி, கண் விழித்துப் படிக்கிறவர். அவர் போதாது என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. இன்னும் நம் காதில் விழவில்லை என்றால் கோளாறு அவர் ரசனையில் இல்லை. நம் காதில் இருக்கிறது.